மண்ணில் மருந்து தேடியவர்

நூறு ஆண்டுகளுக்கு முன்பு, காலில் குத்திய ஒரு முள்ளே ஒருவரின் உயிரைப் பறித்துவிடக்கூடும். காயத்தின் வழியே உடலுக்குள் புகுந்த பாக்டீரியா இரத்தத்தில் கலந்துவிட்டால், மருத்துவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு. காயத்தைக் கழுவிக் கட்டுப் போடுவார். அதன்பின், நோயாளியின் உடல் தானே போராடி வெல்லுமா என்று காத்திருப்பார். அந்தக் காலத்தில் பிறந்து, உடன்பிறந்த இருவரையும் பெற்ற மகனையும் நோய்க்குப் பறிகொடுத்தவர் எல்லப்பிரகட சுப்பாராவ். பிற்காலத்தில் உலகின் பெரிய மருந்து ஆய்வகம் ஒன்றை வழிநடத்தி, பல்வகைப் பாக்டீரியாக்களை அடக்கும் புதிய மருந்து ஒன்று பிறக்கக் காரணமாக இருந்தார்.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரம் என்னும் ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் உள்ளது. தந்தை ஜகந்நாதம் வருவாய்த் துறையில் பணிபுரிந்தவர். உடல்நலம் குன்றியதால் காலத்திற்கு முன்பே ஓய்வு பெற்றார். வீட்டில் பிள்ளைகள் ஏழு பேர், வறுமைக்கும் குறைவில்லை. பதின்மூன்று வயதில் சுப்பாராவ் வீட்டைவிட்டு ஓடினார். காசிக்குச் சென்று, அங்கு வரும் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆகிவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு. வழியிலேயே பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். தாயார் வெங்கம்மா அவரை மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். ஆனால், படிப்பு எளிதில் வரவில்லை. மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தவறினார். தாயார் தம் நகைகளைக் கொடுத்துப் பணம் புரட்டி அவரைச் சென்னைக்கு அனுப்பிய பிறகு, மூன்றாம் முறை எழுதித் தேறினார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த நாளில் அவருடைய மனம் இராமகிருஷ்ண மடத்தின்பால் சென்றது. துறவியாகி மக்களுக்குத் தொண்டு செய்ய விரும்பினார். தாயின் இசைவு வேண்டும் என்றார்கள் மடத்தார், தாயோ இசையவில்லை. மருத்துவம் படித்தால் மடத்தின் மருத்துவப் பணிகளுக்கு உதவலாம் என்று அவர்கள் காட்டிய வழியே சுப்பாராவைச் சென்னை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சேர்த்தது.

அங்கும் அவருக்கு ஒரு சோதனை காத்திருந்தது. ஆங்கிலேயப் பொருள்களைப் புறக்கணிக்க வேண்டும் என்ற காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவைச் சிகிச்சைக் கூடத்திலும் அவர் கதராடை அணிந்தார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு இது பிடிக்கவில்லை. சுப்பாராவ் எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதியிருந்தும், எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அணிந்த சட்டைக்காக இழந்த பட்டம் அது. சென்னை மாகாண மருத்துவப் பணியில் சேர அவர் செய்த முயற்சியும் பலிக்கவில்லை. ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு கற்பிக்கும் விரிவுரையாளராகச் சேர்ந்தார்.

இதற்கிடையில் அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ எனப்படும் குடல்நோயால் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். உண்ட உணவின் சத்தைக் குடல் உறிஞ்ச முடியாமல் போவதே இந்நோய். நோயாளி உண்டுகொண்டேயிருப்பார், ஆயினும் நாளுக்கு நாள் மெலிவார், இரத்தம் வற்றும். மருத்துவம் படித்திருந்தும் சுப்பாராவால் அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. இந்த நோய்க்கு மருந்து ஏன் இல்லை என்ற கேள்வி அவரை விடவில்லை. விடை தேடுவதற்கான ஆய்வு வசதி அன்று அவருக்கு இந்தியாவில் கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல நோய்கள் பற்றிய ஒரு பள்ளி இருந்தது. அங்கே செல்ல முடிவெடுத்தார். 1919ஆம் ஆண்டில் அவருக்குத் திருமணம் நடந்திருந்தது. மாமனாரின் பண உதவியும் காக்கிநாடாவில் இயங்கிய ஓர் அறக்கட்டளையின் உதவியும் பயணச் செலவுக்குக் கைகொடுத்தன. மூன்று ஆண்டுகளில் திரும்பி விடுவதாக மனைவி சேஷகிரியிடம் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறினார். மனைவி அப்போது கருவுற்றிருந்தார்.

1923ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சுப்பாராவ் பாஸ்டன் நகரில் இறங்கினார். பள்ளியில் இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. இரவு நேரத்தில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவும் வேலையை ஏற்றார். பகலில் வகுப்பு, இரவில் கழுவல். இந்தியாவில் மருத்துவராகத் தகுதி பெற்றவர், அமெரிக்க மருத்துவமனையின் கடைநிலைப் பணியாளராக நின்று தம் படிப்புச் செலவைச் சமாளித்தார்.

அவர் புறப்பட்ட சில மாதங்களில் ஊரில் மகன் பிறந்தான். அந்தக் குழந்தை ஒரு வயதை எட்டவில்லை. தோல் சிவந்து வீங்கிக் காய்ச்சல் ஏறும் எரிசிபெலாஸ் என்ற பாக்டீரியாத் தொற்று அவனைக் கொண்டுபோய்விட்டது. தந்தை மகனின் முகத்தைப் பார்த்ததே இல்லை. இன்றைக்கு அந்நோய்க்குச் சில நாள் மருந்து போதும். 1925ஆம் ஆண்டில் அதற்கு மருந்தே இல்லை. சொன்ன மூன்று ஆண்டுகளில் சுப்பாராவ் திரும்பவும் இல்லை. மனைவியை அவர் அதன்பின் ஒருபோதும் காணவில்லை. ஆய்வுக்காக அவர் கொடுத்த விலையில் பாதியைச் சேஷகிரி அம்மையார் கொடுத்தார் என்பதை இங்குச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

ஹார்வர்டில் அவர் உயிர்வேதியியல் துறையில் சேர்ந்தார். அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்ற ஆய்வாளருடன் இணைந்து, இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளக்கும் முறை ஒன்றை 1925ஆம் ஆண்டில் வெளியிட்டார். மாதிரியுடன் சில வேதிப்பொருள்களைக் கலந்தால் நீல நிறம் தோன்றும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். எளிய முறைதான், ஆனால், இருவர் பெயரையும் தாங்கி உலகெங்கும் ஆய்வகங்களில் பல்லாண்டுகள் பயன்பட்டது. அதே முறையைக் கொண்டு தசைகளை ஆராய்ந்தபோது பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளையும், பிறகு ஏ.டி.பி. என்ற பொருளையும் இருவரும் கண்டறிந்தனர். நாம் ஓடவும் எழுதவும் மூச்சுவிடவும் தேவையான ஆற்றலை உயிரணுக்களில் தாங்கி நிற்பது இந்த ஏ.டி.பி.தான். ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் 1929ஆம் ஆண்டில் இதைத் தனியாகக் கண்டறிந்தார். இத்தனையும் செய்த பிறகும் ஹார்வர்டு சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. முனைவர் பட்டம் பெற்றுப் பத்து ஆண்டுகள் அவர் அங்கேயே உழைத்தார். 1940ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்ற சிற்றூரில் இருந்த லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். ஓரிரு ஆண்டுகளில் அதன் ஆய்வு இயக்குநரானார்.

பேர்ல் ரிவரில் அவர் வாழ்ந்தது எட்டு ஆண்டுகள் மட்டுமே. அவருடைய குழுவினர் 1945ஆம் ஆண்டில் போலிக் அமிலம் என்னும் வைட்டமினைச் செயற்கையாகத் தயாரித்தனர். ஸ்ப்ரூ நோயாளிகளின் வற்றிப்போன இரத்தத்தை மீண்டும் ஊறச் செய்யும் சத்து இது. சகோதரர்களை இழந்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாகியிருந்தது. அதே போலிக் அமிலத்தின் வடிவத்தைச் சற்றே மாற்றி உருவாக்கிய மருந்துகள், இரத்தப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த குழந்தைகளுக்குச் சில மாத வாழ்வைத் தந்து, புற்றுநோய் மருத்துவத்தில் புதிய பாதையைத் திறந்தன. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவுக்கு எதிரான மாத்திரையும் இங்கிருந்தே வந்தது. இவற்றில் ஒவ்வொன்றைப் பற்றியும் தனிப் பாடமே எழுதலாம். இங்கு நாம் பார்க்கவிருப்பது பாக்டீரியாவுக்கு எதிரான அவருடைய தேடலை.

அன்று உலகம் பென்சிலினைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928ஆம் ஆண்டில் ஒரு பூஞ்சையிலிருந்து கவனித்த அந்தப் பொருளை, ஆக்ஸ்ஃபர்டு ஆய்வாளர்கள் மருந்தாக்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற எண்ணற்ற வீரர்கள் அதனால் பிழைத்தார்கள். ஆனால், பென்சிலின் எல்லா நோய்க்கும் மருந்தன்று. டைபாய்டு காய்ச்சலை உண்டாக்கும் பாக்டீரியாவிடம் அது தோற்றது. காசநோயிடமும் தோற்றது. உண்ணி கடித்துப் பரவும் காய்ச்சல்களுக்கும் அதனால் பயனில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று மெல்லத் தலைகாட்டியது. பென்சிலினை உடைத்து வீணாக்கும் ஒரு நொதியைச் சில பாக்டீரியாக்கள் சுரப்பதை ஆக்ஸ்ஃபர்டு ஆய்வாளர்கள் 1940ஆம் ஆண்டிலேயே, அதாவது மருந்து மக்களிடம் வந்து சேரும் முன்பே, கண்டிருந்தார்கள். கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் இப்படிப்பட்டவை மிகச் சிலவே இருக்கும். மருந்து கொடுத்தவுடன் மற்றவை மடியும். இந்தச் சில மட்டும் மிஞ்சும். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிரியக்கூடிய உயிர்களுக்குப் போட்டியில்லாத இடம் கிடைத்தால் என்ன ஆகும்? லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவை ஆராய்ந்தார்கள். 1946ஆம் ஆண்டில் அங்கு எடுத்த மாதிரிகளில் ஏறக்குறைய ஏழில் ஒன்று பென்சிலினுக்கு அடங்கவில்லை. இரண்டே ஆண்டுகளில் அந்த அளவு பாதிக்கும் மேலாக உயர்ந்தது. காசநோய்க்கென வந்த ஸ்ட்ரெப்டோமைசினின் நிலையும் அதுதான். நோயாளி முதலில் தேறுவார். சில மாதங்களில் அவருடைய உடலிலுள்ள கிருமி அம்மருந்தைப் பொருட்படுத்தாத ஒன்றாக மாறியிருக்கும். அந்த மருந்து சிலரின் செவித்திறனையும் கெடுத்தது.

ஆக, பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் தொடாத நோய்களைத் தொடக்கூடிய மருந்து வேண்டும். அவற்றுக்குப் பழகிப்போன கிருமிகளை வேறு வழியில் தாக்கும் மருந்து வேண்டும். ஊசியாக மட்டுமின்றி வாய்வழியாகவும் உட்கொள்ளக்கூடியதாக இருந்தால் இன்னும் நல்லது. சுப்பாராவ் இந்தத் தேடலுக்கு ஆய்வகத்தின் ஆள்பலத்தையும் பணத்தையும் ஒதுக்கினார்.

தேடலை நடத்த அவருக்குக் கிடைத்தவர் பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியல் அறிஞர். பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 1944ஆம் ஆண்டில் லெடர்லிக்கு வந்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. பேரக்குழந்தைகளோடு பொழுது போக்கும் வயதில், டக்கர் மண் சேகரிக்கத் தொடங்கினார். பல ஊர்களில் இருந்த நண்பர்களுக்கு எழுதி, அவரவர் இடத்து மண்ணில் சிறிதளவு அனுப்புமாறு கேட்டார்.

மண்ணில் என்ன இருக்கிறது? ஒரு தேக்கரண்டி நல்ல மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. இடத்திற்காகவும் உணவுக்காகவும் அவை ஓயாமல் போரிடுகின்றன. அப்போரில் சில நுண்ணுயிர்கள் எதிரியை அடக்கும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. மனிதன் அந்த ஆயுதத்தைக் கண்டெடுத்துத் தன் எதிரியின்மேல் பயன்படுத்தலாம் என்பதே இத்தேடலின் அடிப்படை. மழை பெய்த மண்ணிலிருந்து எழும் மணம் இருக்கிறதே, அதைத் தரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற நுண்ணுயிர் வகைதான் இந்த ஆயுதங்களைச் செய்வதில் மிகக் கைதேர்ந்தது.

வேலை முறை கேட்பதற்கு எளிது. மண்ணை நீரில் கலக்கிப் பலமுறை நீர்க்கச் செய்வார்கள். அதில் ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் உள்ள கூழ்மத்தின்மேல் பரப்பினால், நுண்ணுயிர்கள் சிறுசிறு புள்ளிகளாக வளரும். ஒவ்வொரு புள்ளியையும் தனியே எடுத்து வளர்த்து, அதன் அருகில் நோய் உண்டாக்கும் பாக்டீரியாவையும் வளர்ப்பார்கள். புள்ளியைச் சுற்றி எதுவும் வளராத தெளிவான வளையம் தோன்றினால், அங்கு ஏதோ ஒரு கொல்லி சுரந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலான தட்டுகளில் வளையமே தோன்றாது. தோன்றினாலும், அது முன்பே தெரிந்த பொருளாக இருக்கலாம்; எலியைக் கொல்லும் நஞ்சாகவும் இருக்கலாம். மாதக்கணக்கில் இதையே செய்வதற்கு அறிவைவிடப் பொறுமையே மிகுதியாகத் தேவைப்பட்டிருக்கும்.

1945ஆம் ஆண்டில் மிசூரிப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மண் மாதிரிகளில் ஒன்று, சான்போர்ன் வயல் என்ற பழைய ஆய்வு நிலத்தின் 23ஆம் பாத்தியில் எடுக்கப்பட்டது. 1888ஆம் ஆண்டிலிருந்து அந்தப் பாத்தியில் எருவிடாமல் புல் மட்டுமே வளர்த்து வந்தார்கள். அந்த ஏழை மண்ணிலிருந்து பொன்மஞ்சள் நிறத்தில் ஒரு நுண்ணுயிர் வளர்ந்தது. ஏ-377 என்று எண்ணிடப்பட்ட அது, பல வகைப் பாக்டீரியாக்களை வளரவிடாமல் தடுத்தது. பொன்னைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை ஒட்டி அதன் மருந்துக்கு ஆரியோமைசின் என்று பெயர் வைத்தார்கள்.

இந்த மருந்து வேலை செய்யும் விதமும் புதியது. பென்சிலின் பாக்டீரியாவின் சுவரைக் கட்டவிடாமல் தடுத்து அதை வெடிக்கச் செய்கிறது. ஆரியோமைசினோ உள்ளே புகுந்து, புரதம் தயாரிக்கும் பொறியைப் பூட்டிவிடுகிறது. புரதம் இல்லாமல் பாக்டீரியா பெருக முடியாது. பெருகாமல் நிற்கும் கிருமியை உடலின் காவல் அணுக்கள் எளிதில் முடித்துவிடும். பென்சிலினை உடைக்கும் நொதி இந்த மருந்தை ஒன்றும் செய்ய இயலாது. நிமோனியா, டைபஸ், உண்ணிக் காய்ச்சல் என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நோய்களுக்கு இந்த ஒரே மருந்து பயன்பட்டது. வாயில் போட்டு விழுங்கவும் முடிந்தது. நியூயார்க் நகரத்தின் ஹார்லெம் மருத்துவமனையில் லூயிஸ் ரைட் என்ற அறுவை மருத்துவர் இதை மனிதர்களுக்கு முதன்முதலாகக் கொடுத்துப் பார்த்தார்.

இப்படித் தேடியவர்கள் லெடர்லிக்காரர்கள் மட்டும் அல்லர். வெனிசுவேலா நாட்டு மண்ணிலிருந்து குளோராம்பெனிகால் என்ற மற்றொரு மருந்தை வேறொரு நிறுவனம் எடுத்திருந்தது. அதே 1948ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவக் குழு ஒன்று அம்மருந்துடன் கோலாலம்பூருக்கு வந்தது. இங்குள்ள மருத்துவ ஆய்வுக் கழகத்தின் துணையோடு, புதர்க்காடுகளில் பூச்சி கடித்துப் பரவும் டைபஸ் காய்ச்சல் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தார்கள். படுக்கையில் கிடந்தவர்கள் சில நாள்களில் எழுந்தார்கள். புதிய நுண்ணுயிர்க்கொல்லிகளின் வரலாற்றில் கோலாலம்பூருக்கும் ஓர் இடம் உண்டு.

ஆரியோமைசின் பற்றிய ஆய்வுகள் 1948ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21ஆம் நாள் நியூயார்க் அறிவியல் கழகத்தின் கூட்டத்தில் அறிவிக்கப்பட்டன. நுண்ணுயிரைக் கண்டவர் டக்கர். காப்புரிமையும் அவர் பெயரில்தான் உள்ளது. அதுவே முறை. ஆனால், அந்த முதிய அறிஞரிடம் தேடலை ஒப்படைத்து, மருந்தாக உருவெடுக்கும்வரை வேதியியலார், விலங்கியலார், மருத்துவர் ஆகிய அனைவரையும் ஒரே திசையில் இழுத்துச் சென்றவர் சுப்பாராவ். கட்டுரைகளில் உடனுழைத்தவர்களின் பெயரை முன்னே வைப்பதும், செய்தியாளர்களிடமிருந்து விலகி நிற்பதும் அவருடைய இயல்பு. அந்த அடக்கம் அவரைப் பற்றிய நினைவையே குறைத்துவிட்டது. ஏ.டி.பி.யைப் படிக்கும் மாணவர் பலருக்கு அவர் பெயர் தெரியாது.

ஓய்வு என்பது அவர் அறியாதது. ஐம்பது வயதிற்குமேல் விமானம் ஓட்டக் கற்றார். அதுதான் அவர் தமக்கென்று எடுத்துக்கொண்ட பொழுதுபோக்கு. ஆரியோமைசின் அறிவிக்கப்பட்டு மூன்று வாரங்கூட நிறையவில்லை. ஆகஸ்ட் மாதத்தில் ஓரிரவு உறங்கச் சென்றவர் மறுநாள் எழவில்லை. மாரடைப்பு அவரைக் கொண்டுபோனது. வயது 53. கால் நூற்றாண்டு அமெரிக்காவில் வாழ்ந்தும் அவர் அந்நாட்டுக் குடிமகனாக ஆகவில்லை. ஆசியர்களைக் குடியுரிமையிலிருந்து விலக்கி வைத்த சட்டம் இந்தியர்களுக்காகத் தளர்ந்ததே 1946ஆம் ஆண்டில்தான். அவர் மறைந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், லெடர்லியின் தாய் நிறுவனத்தில் பணியாற்றிய அறிவியலாளர் ஒருவர் ஒரு பூஞ்சை வகைக்குச் சுப்பாரோமைசிஸ் என்று பெயரிட்டார்.

ஆரியோமைசின் ஒரு குடும்பத்தின் மூத்த பிள்ளை. அதன் அமைப்பிலிருந்து ஒரே ஓர் அணுவை நீக்கி டெட்ராசைக்ளினை உருவாக்கினார்கள். பின்னர் டாக்ஸிசைக்ளின் வந்தது. 1994ஆம் ஆண்டில் இந்தியாவின் சூரத் நகரில் கொள்ளைநோய் பரவி, மக்கள் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டு ஓடியபோது, அரசு அவசரமாக விநியோகித்தது டெட்ராசைக்ளின் மாத்திரைகளைத்தான். ஸ்ப்ரூ நோய்க்கும் இன்று மருத்துவர்கள் இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒன்று போலிக் அமிலம், மற்றொன்று டெட்ராசைக்ளின். சுப்பாராவின் சகோதரர்களுக்குத் தேவைப்பட்டவை இந்த இரண்டும்தான்.

ஆனால், பாக்டீரியா சும்மா இருக்கவில்லை. டெட்ராசைக்ளினுக்கு அடங்காத வயிற்றுளைச்சல் கிருமி 1953ஆம் ஆண்டிலேயே காணப்பட்டது. சில ஆண்டுகளில் ஜப்பானில் ஒரே நேரத்தில் பல மருந்துகளை எதிர்த்து நிற்கும் கிருமிகளைக் கண்டு மருத்துவர்கள் திகைத்தனர். தேர்வில் ஒரு மாணவர் விடையை எழுதி அடுத்த மேசைக்கு நகர்த்துவதைப்போல, ஒரு பாக்டீரியா மருந்தை வெல்லும் மரபணுவை வேறொரு வகைப் பாக்டீரியாவுக்குக்கூடக் கைமாற்றிவிட முடியும் என்பது அப்போதுதான் தெரிய வந்தது. டெட்ராசைக்ளினை வெல்ல அவை இரண்டு வழிகளைக் கையாண்டன. உள்ளே வந்த மருந்தை இறைப்பான்போல் வெளியே தள்ளுவது ஒரு வழி. மருந்து வந்து ஒட்டும் இடத்தை ஒரு புரதத்தால் காத்துக்கொள்வது இன்னொரு வழி.

மனிதரும் தம் பங்குக்கு உதவினர். சுப்பாராவ் மறைந்த சில மாதங்களில், அதே லெடர்லி ஆய்வகத்தில், ஆரியோமைசின் தயாரித்த பிறகு மிஞ்சிய கழிவைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் வழக்கத்தைவிட விரைவாகக் கொழுத்தன. நோயில்லாத கோழிகளுக்கும் பன்றிகளுக்கும் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி கலக்கும் வழக்கம் இப்படித்தான் பரவியது. இறைச்சி மலிந்தது, கூடவே, சிறு அளவு மருந்திலேயே நாள்தோறும் வாழப் பழகிய பாக்டீரியாவும் மலிந்தது. 1970ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒரு பண்ணைக் கோழிகளுக்கு டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் கொடுத்து ஆராய்ந்தபோது, சில மாதங்களில் அந்தப் பண்ணைக் குடும்பத்தாரின் குடலிலும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா மிகுந்திருந்தது. அவர்கள் அந்த மருந்தை உட்கொண்டதே இல்லை. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் இம்மருந்துகளைக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் முழுமையாகத் தடை செய்ய 2006ஆம் ஆண்டு ஆயிற்று.

1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பேர்ல் ரிவர் ஆய்வகத்தின் அடுத்த தலைமுறை வேதியியலார் பழைய டெட்ராசைக்ளினை மீண்டும் கையிலெடுத்தார்கள். புதிய மண்ணைத் தேடுவதற்குப் பதிலாக, தெரிந்த மூலக்கூற்றின் ஒரு மூலையில் புதிய கிளை ஒன்றை இணைத்தார்கள். கிளை முளைத்த மருந்தைப் பாக்டீரியாவின் இறைப்பானால் சரியாகப் பற்ற முடியவில்லை. புரதம் தயாரிக்கும் பொறியிலும் அது முன்னதைவிட இறுக்கமாக ஒட்டியது. இரண்டு வழிகளும் அடைபட்டன. டைஜிசைக்ளின் என்ற பெயருடன் அம்மருந்து 2005ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது. ஊசி வழியாக மட்டுமே செலுத்தக்கூடிய இதை மருத்துவர்கள், மற்ற மருந்துகள் கைவிட்ட நோயாளிகளுக்கென்று ஒதுக்கி வைத்துப் பயன்படுத்துகிறார்கள்.

2019ஆம் ஆண்டில் சீன ஆய்வாளர்கள் பண்ணை விலங்குகளிலும் மனிதர்களிடமும் எடுத்த பாக்டீரியாக்களில் ஒரு புதிய மரபணுவைக் கண்டறிந்தார்கள். அது மருந்தை வெளியே தள்ளவும் இல்லை. தன் பொறியைக் காத்துக்கொள்ளவும் இல்லை. டைஜிசைக்ளினின் வடிவத்தையே மாற்றிச் செயலிழக்கச் செய்கிறது. அந்த மரபணுவும் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறக்கூடியது. அதை முறியடிக்கும் மருந்தைத் தேடும் வேலை இப்போது ஆய்வகங்களில் நடந்துகொண்டிருக்கிறது.